மங்கில் சொட்டிய மூலக்கூறு

(பினாங்கின் ஜுருவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உங்கள் நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பட்டை வைக்கச் சொல்லியிருந்தேன். நாசி லெமாக் பொட்டலத்தில் மாட்டுகிற அதே பட்டைதான். சிலர் அதற்குள் விரலில் சுற்றி முன்வரிசைக்குக் குறி பார்ப்பது தெரிகிறது. பொறுங்கள். இரண்டு கைகளாலும் அதைச் சட்டென்று இழுங்கள். இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். லேசான சூடு தெரிகிறதா? அப்படியே சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டுத் தளரவிடுங்கள்; மறுபடியும் உதட்டில் வையுங்கள். இப்போது குளிரும். ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் 1805இல் இதைத்தான் செய்து பார்த்து எழுதி வைத்தார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. உதடுதான் அவருக்கு வெப்பமானி. ஏன் சுடுகிறது, ஏன் குளிர்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன். பட்டையைக் கீழே போட்டுவிடாதீர்கள், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

அழைப்பிதழில் ‘உயிரைக் கட்டும் கரிம மூலக்கூறுகள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கொடுத்தவன் நான்தான்; அதைப் பார்த்தே சிலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒரு குறை உறுத்தும். பாடநூலைத் திறந்தால் நான்கு பெட்டிகள் வரைந்திருப்பார்கள்: மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம். மாணவன் நான்கையும் மனப்பாடம் செய்வான், தேர்வில் கொட்டுவான், மறப்பான். அந்த நான்கு பெட்டிகளில் எதிலும் ரப்பர் இருக்காது. அவனுடைய பாட்டியும் பூட்டியும் நூறு வருடமாகக் கையால் தொட்டு, முகர்ந்து, சுமந்து, கூலி வாங்கிய மூலக்கூறு அவன் பாடநூலில் இல்லை. இன்றைக்கு அந்தப் பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மங்குப் பாலை, அதாவது ரப்பர் மரத்தில் கட்டும் கிண்ணத்தில் விழும் பாலை, வைத்து இந்தப் பாடத்தை நடத்திப் பார்க்கப் போகிறேன்.

என் தாயார் பதினான்கு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் உளி பிடித்தவர். ‘மரம் வெட்டப் போறேன்’ என்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் இதைக் கேட்டு, இத்தனை வருடமாக வெட்டியும் காடு எப்படி மிச்சமிருக்கிறது என்று கேட்டாராம். நமக்குத் தெரியும். வெட்டுவது மரத்தையல்ல, பட்டையில் ஒரு மெல்லிய சீவல். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்டால் மேற்பார்வை பார்க்கும் தண்டல் வாயில் வருவதைக் கேட்க முடியாது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்கவேண்டும். ஏன் அப்படி என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். ‘அப்படித்தான் பால் வரும்’ என்றார். சரியான பதில். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக மேலே போவதில்லை; லேசாக வலப்பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்குகிற வெட்டு அவற்றில் அதிகமானவற்றைக் குறுக்கே அறுக்கும். நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய விஷயத்தை உளி முன்பே அறிந்திருந்தது.

விடிவதற்கு முன்பு போவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் நீரை அதிகம் விடுவதில்லை. வேர் உறிஞ்சிய நீர் உள்ளே தங்கி, பால்குழாய்க்குள் அழுத்தம் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் அது காற்று மண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு. உங்கள் காரின் டயரில் நீங்கள் அடிப்பது இரண்டு மடங்கு சொச்சம்தான். வெயில் ஏற ஏற இலை நீரை இழுக்கும், அழுத்தம் குறையும். ‘வெயில் வந்தா மரம் வாயை மூடிக்கும்’ என்பது அம்மாவின் பேச்சு. மழை பெய்தாலோ பட்டை நனைந்து, பால் கோட்டில் நிற்காமல் மரத்தைச் சுற்றி வழிந்துவிடும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. வீட்டில் மழைச் சத்தம் கேட்டால் நாங்கள் பிள்ளைகள் சந்தோஷப்படுவோம், அம்மா வீட்டில் இருப்பாரே என்று. அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வயது ஆகவேண்டியிருந்தது.

மங்கில் விழுவது என்ன? மரத்தின் சாறு என்று பலர் நினைக்கிறார்கள். சாறு வேறு; வேரிலிருந்து ஏறும் நீரும் இலையிலிருந்து இறங்கும் சர்க்கரைத் தண்ணீரும் வேறு வழியில் போகின்றன. பால் என்பது ஓர் உயிரணுவின் உள்ளடக்கமே. வரிசையாக நின்ற உயிரணுக்கள் இடைச்சுவரைக் கரைத்துக்கொண்டு ஒரே குழாயாகிவிட்டன. நாம் வெட்டியதும் அதன் உள்ளே இருந்தது வெளியே ஓடி வருகிறது. உட்கரு பெரும்பாலும் சுவரை ஒட்டிப் பின்தங்கிவிடும், மற்றதெல்லாம் மங்குக்கு வந்துவிடும். நூற்றில் முப்பது முதல் நாற்பது பங்கு ரப்பர், மிச்சத்தில் பெரும்பகுதி நீர். அந்த நீரில் சர்க்கரை இருக்கிறது. ஒவ்வொரு ரப்பர்த் துளியைச் சுற்றியும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு மெல்லிய போர்வை இருக்கிறது. புரதத்தைத் தயாரிக்கிற ரைபோசோம்களும் அவற்றுக்குக் கட்டளை கொண்டுவரும் ஆர்.என்.ஏ.வும் இருக்கின்றன. கரோட்டின் நிறைந்த மஞ்சள் துகள்கள் இருக்கின்றன. சில மரத்தின் பால் மஞ்சளடித்துப் போவது அவற்றால்தான். பாடநூலின் நான்கு பெட்டிகளும் ஒரே மங்கில் இருக்கின்றன. ஐந்தாவதாக, பெட்டியில் சேராத ரப்பரும் இருக்கிறது. அறுபடுகிற ஒரு குழாயிலிருந்து இவ்வளவையும் பறிகொடுத்துவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு நாளில் அந்த மரம் எல்லாவற்றையும் திரும்பச் செய்து வைக்கிறது. செய்வதற்குக் கையில் இருப்பது இலை கட்டிய சர்க்கரையும் வேர் உறிஞ்சியதும் மட்டும்.

பால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நின்றுவிடும். யாரும் அடைக்காமலே நிற்கும். பாலுக்குள் லுட்டாய்டு என்ற நுண்ணிய பைகள் மிதந்து வருகின்றன. வெட்டுவாயில் அவை உடையும். அவற்றிலிருந்து ஹெவீன் என்ற சின்னஞ்சிறிய புரதம் வெளிவரும். மொத்தம் 43 அமினோ அமிலங்கள்தாம் அதில். அது ரப்பர்த் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குழாயின் வாயை அடைத்துவிடும். நம் விரல் அறுபட்டால் இரத்தம் உறைவது போல. அடுத்த நாள் அந்தக் கோட்டில் காய்ந்து நாடாவாக நிற்பதைத்தான் ஒட்டுப்பால் என்று உரித்துக் கூடையில் போட்டோம். கையுறை போட்டால் சிலருக்கு அரிப்பும் மூச்சுத் திணறலும் வருகிறதே, அதற்கும் ஹெவீன் போன்ற இந்தப் புரதங்கள்தாம் காரணம். ரப்பர் மேல் பழி போடாதீர்கள்.

பாலை உறையவைக்கும் ஸ்டோருக்கு வாருங்கள். தொட்டியில் பாலை ஊற்றி, தண்ணீர் கலந்து, ஆசிட் விடுவார்கள். ஃபார்மிக் அமிலம். ரப்பர்த் துளிகளின் போர்வைக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. அமிலம் அந்த மின்னேற்றத்தைத் தீர்த்துவிடும். தள்ள ஒன்றுமில்லாமல் போனதும் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும். தயிர் உறைவதும் இப்படித்தான், அங்கே அமிலத்தைப் பாக்டீரியா தயாரிக்கிறது. இந்த ஃபார்மிக் அமிலத்தை முதலில் கண்டதே எறும்பில்தான். ஜான் ரே 1671இல் எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்தார். ரப்பர் மர நிரையில் நடக்கும்போது கழுத்தில் விழுந்து கடித்த கெரெங்கா எறும்பு நம் மேல் பீச்சியதும், ஸ்டோர் தொட்டியில் கணக்குப் பார்க்கும் கிராணி அளந்து விட்டதும் ஒரே பொருள். தோட்டத்தில் இரண்டையும் பார்க்காத ஆளில்லை. ஒன்றுதான் என்று சொல்லவும் ஆளில்லை.

கிராணி கையில் இன்னொன்றும் இருந்தது. மெட்ரோலாக் என்ற மிதவைக் குழல். ரப்பர் நீரைவிட லேசானது. பாலில் ரப்பர் எவ்வளவு என்பதை அந்தக் குழல் மிதக்கிற மட்டம் காட்டிவிடும். வழியில் ஓடைத்தண்ணீரைக் கொஞ்சம் கலந்து எடையைக் கூட்டலாம் என்று நினைத்தவர்களை அது காட்டிக்கொடுத்தது. எனக்குத் தெரிந்து வேதியியல் கருவி ஒன்றின் மேல் இவ்வளவு வசை விழுந்தது வேறெங்கும் இல்லை.

இனி ரப்பருக்குள்ளே போகலாம். மைக்கேல் ஃபாரடே 1826இல் ரப்பரைப் பகுத்துப் பார்த்து, அதில் கரிமம் ஐந்துக்கு ஹைட்ரஜன் எட்டு என்ற கணக்கைச் சொன்னார். உயிர்வளி இல்லை, நைட்ரஜன் இல்லை. 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைக் காய்ச்சி வடித்து, தண்ணீர் போன்ற ஒரு நீர்மத்தைப் பிரித்து ஐசோப்ரீன் என்று பெயரிட்டார். அதுதான் துண்டு. ஆனால் துண்டுகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? சிறு சிறு வளையங்கள் ஏதோ ஈர்ப்பில் கும்பலாக ஒட்டியிருக்கின்றன என்றுதான் அன்றைய பெரிய வேதியியலர் பலர் நம்பினார்கள். ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் இல்லை என்றார். கும்பலெல்லாம் கிடையாது, ஆயிரக்கணக்கான துண்டுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்த ஒரே நீண்ட சங்கிலி, அது முழுவதும் ஒரே மூலக்கூறு என்றார். சகாக்கள் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு வந்தபோது வருடம் 1953. நம் மரத்தின் சங்கிலி ஒன்றில் ஐசோப்ரீன் துண்டுகள் சராசரியாகப் பத்தாயிரத்துக்கும் மேல்.

இப்போது ரப்பர் பட்டையை எடுங்கள். பள்ளி விடும் மணியடித்ததும் திடலில் பிள்ளைகள் எப்படித் தாறுமாறாக ஓடுவார்கள், அப்படித்தான் உள்ளே சங்கிலிகள் சுருண்டும் வளைந்தும் கிடக்கின்றன. நீங்கள் இழுத்தால் எல்லாரையும் வரிசையில் நிற்க வைக்கிறீர்கள். வரிசையில் நின்றால் ஆட்டம் போச்சு; ஆடிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு வெப்பமாக வெளியே வருகிறது. அதுதான் உதட்டில் சுட்டது. விட்டால் மறுபடியும் ஓடிக் கலைகிறார்கள். அதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ரப்பர் திரும்பிச் சுருங்குவது சுருளும் ஆசையால் அல்ல, கலைந்து கிடக்கும் வழிகள் எண்ணிறந்தவை, நேராக நிற்கும் வழி ஒன்றுதான் என்பதால்.

இதே ஐந்து கரிமத் துண்டை இதே போலக் கோத்த இன்னொரு மரமும் இந்த மண்ணில் இருந்தது. கெத்தா பெர்ச்சா. பெயரில் இருக்கிற கெத்தா, மலாயில் பிசினுக்கும் பாலுக்கும் பொதுச்சொல். நாம் ‘கித்தா’ என்று ரப்பருக்குச் சொல்வதும் அதிலிருந்து வந்ததுதான். கெத்தா பெர்ச்சா இழுத்தால் நீளாது. வெந்நீரில் குழையும், ஆறினால் கெட்டியாகிவிடும். 1851இல் டோவருக்கும் கலேவுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு மேலுறை அதுதான். அந்தத் தந்திகளுக்காக இந்தத் தீபகற்பத்தின் காடுகளில் அந்த மரங்களை நிஜமாகவே வெட்டிச் சாய்த்தார்கள். ரப்பருக்கும் அதற்கும் சரக்கில் வித்தியாசம் இல்லை. துண்டுகளைக் கோக்கும்போது சங்கிலியின் இரு முனையும் இரட்டைப் பிணைப்புக்கு ஒரே பக்கம் இருந்தால் ரப்பர். எதிரெதிர்ப் பக்கம் போனால் கெத்தா பெர்ச்சா. ஒரே பக்கம் என்றால் சங்கிலி கோணிக்கொள்ளும், அடுக்க முடியாது, ஆகவே துள்ளும். எதிர்ப்பக்கம் என்றால் நேராகி அடுக்கில் அமர்ந்துகொள்ளும்.

இந்த இடத்தில்தான் நான் இன்று சொல்லவந்தது இருக்கிறது. உயிர் தன் கடையில் அதிகச் சாமான் வைத்துக்கொள்வதில்லை. சில துண்டுகள்தாம். வித்தியாசமெல்லாம் எந்தப் பக்கம் கோத்தது என்பதில்.

நமது ஜுரு ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்து வந்து அதில் சேரும் ஓர் ஓடைக்குப் பெயர் சுங்கை கிலாங் ஊபி. கிழங்கு ஆலை ஆறு என்று பொருள். மரவள்ளிக் கிழங்கைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் ஜப்பான்காரன் காலம் ஞாபகம் வந்து முகம் சுருங்கும். அரிசி இல்லாத அந்த மூன்றரை வருடம் பலரைக் காப்பாற்றியதும் அதுதான், அலுக்கவைத்ததும் அதுதான். கிழங்கில் இருக்கும் மாவு, குளுக்கோஸ் துண்டுகளின் சங்கிலி. அதே செடியின் தண்டில் இருக்கும் செல்லுலோசும் குளுக்கோஸ் சங்கிலியே. ஒன்றில் இணைப்பு ஒரு திசையில் சாய்கிறது, மற்றதில் துண்டுக்குத் துண்டு புரண்டு போகிறது. மாவை நம் எச்சிலில் இருக்கும் நொதியே வெட்டத் தொடங்கிவிடும். மரத்துண்டை நாள் முழுக்க மென்றாலும் ஒரு குளுக்கோஸ் கிடைக்காது, வெட்டுவதற்கான நொதி நம்மிடம் கிடையாது. பட்டினி கிடந்தவர்கள் நடுவே அடுக்கடுக்காகச் சர்க்கரை நின்றுகொண்டிருந்தது, மரம் என்ற பெயரில்.

புரதத்தில் இந்தக் கோக்கும் விதம் எவ்வளவு நுட்பமாகிறது என்பதைக் கண்டு சொன்னவர் நமக்கு மிக அருகில் இருந்தவர். ஜி. என். ராமச்சந்திரன் 1952இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கே வந்திருந்த ஜே. டி. பெர்னால் என்ற அறிஞர், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் இருப்பது கொலாஜன். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு கிண்டியில் உட்கார்ந்து யோசித்தார்கள். 1954இலும் 1955இலும் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் சொன்ன விடை: மூன்று புரி. கயிறு திரிப்பது போல மூன்று சங்கிலிகள் ஒன்றைச் சுற்றி ஒன்று. கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசீன் என்ற மிகச்சிறிய அமினோ அமிலம். மூன்று புரிகளும் நெருங்கும் நடு இடத்தில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. அந்த அமைப்பில் கிரிக், ரிச் என்ற அறிஞர்கள் பிறகு திருத்தம் சொன்னார்கள். திருத்தத்திற்குப் பிறகும் மூன்று புரி மூன்று புரியாகவே நின்றது.

எலும்பு சூப் வைப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆட்டெலும்பை நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டால் அந்தப் புரி அவிழ்ந்து தனித்தனிச் சங்கிலியாகக் கரைந்துவிடும். மறுநாள் காலை பானையைத் திறந்தால் சூப் அல்வா போல ஆடும். அவிழ்ந்தவை கண்டபடி பின்னிக்கொண்டு நீரைப் பிடித்துவைத்திருக்கின்றன. 1963இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் இன்னும் அடிப்படையான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் எந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும்? கணக்கிட்டு ஒரு படம் வரைந்தார்கள். உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அது சரிதானா என்று இன்றும் அந்த ராமச்சந்திரன் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். கணினி மேசையில் இல்லாத காலத்தில் சென்னையில் செய்த வேலை. அவருக்கு நோபல் பரிசு வரவில்லை. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான், அதை மறைப்பானேன்.

மறுபடியும் நம் ஐந்து கரிமத்துக்கு வருகிறேன். மரம் ஐசோப்ரீனை நேராகக் கோப்பதில்லை. சர்க்கரையை உடைத்து, இரண்டு கரிமமுள்ள துண்டுகளாக்கி, அவற்றில் மூன்றைச் சேர்த்து ஆறு கரிமமாக்கி, பாஸ்பேட் என்ற கைப்பிடியை மாட்டி, ஒரு கரிமத்தைக் கரிவளியாக வெளியே விட்டு, மிஞ்சிய ஐந்தை வைத்துக்கொள்கிறது. அந்தக் கைப்பிடியுள்ள துண்டுகளைத்தான் நொதி ஒவ்வொன்றாகச் சங்கிலியில் சேர்க்கிறது. இந்தப் பாதையைத் துலக்கியவர்களில் முதன்மையான கொன்ராட் பிளாக், ஃபியோடர் லினன் இருவருக்கும் 1964இல் நோபல் கிடைத்தது. அவர்கள் தேடியது ரப்பரையல்ல, கொலஸ்ட்ராலை. ஏனென்றால் நம் உடம்பு கொலஸ்ட்ராலைச் செய்வதும் இதே ஐந்து கரிமத் துண்டிலிருந்துதான். ஆறு துண்டுகளைச் சேர்த்து, மடித்து, வளையங்களாக்கி, கொஞ்சம் கத்தரித்தால் கொலஸ்ட்ரால். எட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் கரோட்டின். செம்பனைப் பழத்தின் சிவப்பு அதுதான். சுத்திகரிக்காத ஒரு கிலோ செம்பனை எண்ணெயில் 500 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. அந்தக் கரோட்டினை நடுவில் வெட்டினால் நம் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ. கிளினிக்கில் கொலஸ்ட்ரால் மாத்திரை வாங்குகிறீர்களே, ஸ்டாட்டின், அது இந்தப் பாதையில் ஓர் ஆரம்பப் படியைத்தான் அடைக்கிறது. அம்மாவுக்கும் அந்த மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆயுள் முழுக்க மரத்திலிருந்து வடித்த பாதையை, வயதான பிறகு தன் கல்லீரலில் அடைக்கத் தினமும் ஒரு மாத்திரை.

மரத்துக்கு ரப்பர் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சர்க்கரையைப் போல அதை மரம் திரும்ப எடுத்துச் செலவழிப்பதில்லை. ஒருமுறை கோத்தால் கோத்ததுதான். கடிக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டவைக்கவும் காயத்தை மூடவும் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எருக்கும் கள்ளியும் ஆலும் அத்தியும் பால் வைத்திருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகொடிகள் ரப்பர் செய்கின்றன, ஆனால் இவ்வளவு நீளச் சங்கிலியை இவ்வளவு தாராளமாகக் கொடுப்பது பிரேசிலிலிருந்து வந்த இந்த ஒன்றே. 1876இல் ஹென்றி விக்கம் எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனதும், மறு வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்ததும், அதில் ஒன்பது கோலகங்சாரில் நட்டதும் வரலாற்றுப் பாடத்தில் வருவதுதான். அதன் பிறகு அந்த மரங்களுக்காக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினவர்களின் கதையும் இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் தாத்தா வெட்டிய நிரையில் நின்ற மரங்கள் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் என்றால், அவை எல்லாம் ஒரே மரம். ஒரு மரத்தின் கண்ணை எடுத்து ஒட்டு வைத்து, அதிலிருந்து கண் எடுத்து ஒட்டு வைத்து, நாடு நாடாகப் போனது. டி.என்.ஏ. என்ற எழுத்துச் சங்கிலி எல்லாவற்றிலும் ஒன்றே. அந்த 600இன் எழுத்தைப் படித்து முதல் வரைவை 2013இல் வெளியிட்டது பினாங்கில்தான், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு. மொத்தம் 215 கோடி எழுத்துகளுக்கு அருகில். அதில் முக்கால் பங்குக்கும் மேல் வந்ததே திரும்பத் திரும்ப வருகிறது. அதே வருடம் செம்பனையின் எழுத்தையும் மலேசியச் செம்பனை வாரியம் வெளியிட்டது. கொட்டை ஓட்டின் கனத்தைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணுவை அதில் பிடித்தார்கள். ஓடு மெலிந்த கலப்பினத்தில் எண்ணெய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அந்த ஆய்வை நடத்திய மூத்த அறிவியலாளர்களில் ஒருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. நிரையிலும் நம் பெயர்கள் இருந்தன, ‘நேச்சர்’ இதழிலும் இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

செம்பனையில் ஒரு நொதியின் வேலையையும் பார்த்துவிடுவோம். குலையை வெட்டிக் கீழே போட்டதும் நேரம் ஓடத் தொடங்கிவிடும். பழம் நசுங்கிய இடத்தில் லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயோடு கலந்து, கொழுப்பைக் கிளிசரினாகவும் தனிக் கொழுப்பு அமிலமாகவும் வெட்டும். எண்ணெய் காறிப்போகும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும், போனதும் முதல் காரியம் நீராவியில் வேகவைப்பது. வேகவைத்தால் நொதியின் மடிப்பு கலைந்து அது செத்துவிடும். லாரிகள் ஜுரு டோலில் வரிசை கட்டி நிற்கும்போது நான் குலைகளைப் பார்ப்பேன். உள்ளே நொதி நெரிசலுக்காகக் காத்திருப்பதில்லை.

ஆலைக்குப் பிறகு வருவது கழிவு நீர். செம்பனை ஆலைக் கழிவில் விஷம் எதுவும் சேர்ப்பதில்லை. எண்ணெயும் மாவும் புரதமும் நாரும் கரைந்த தண்ணீர், அவ்வளவே. நாம் இத்தனை நேரம் பேசிய அதே மூலக்கூறுகள். ஆற்றில் விட்டால் பாக்டீரியாவுக்கு விருந்து. தின்னத் தின்ன அவை நீரில் கரைந்த உயிர்வளியை உறிஞ்சிவிடும், மீன் மூச்சுத் திணறிச் சாகும். எவ்வளவு உயிர்வளியைக் குடிக்கும் என்று அளக்கும் கணக்கில் அந்தக் கழிவு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவு. வீட்டுச் சாக்கடையைப் போலச் சுமார் நூறு மடங்கு. 1974இன் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1977இல் விதிகள் வந்து, அதைப் படிப்படியாக 100க்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

ஜுரு ஆற்றுக்கு வந்த கேடு செம்பனையால் மட்டும் வந்ததல்ல. பிறையில் தொழிற்பேட்டை எழுந்தபின் பலவகை ஆலைக் கழிவும் வந்தது, உலோகங்களும் படிந்தன. கோலா ஜுரு மீனவர்கள் 1970களிலேயே வலையில் ஒன்றும் விழவில்லை என்று சொன்னார்கள். அவர்களின் வழக்கைக் கையிலெடுத்து எழுதியது பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் எஸ். எம். முகமது இத்ரிஸ், நம் மொழி பேசியவர். மீன் குறைந்தபின் அந்த மீனவர்கள் கெராங் சிப்பி வளர்ப்புக்கு வந்தார்கள். கெராங்கை நீங்கள் உடைத்திருப்பீர்கள். உள்ளே சிவப்பாக இரத்தம் வழியும். சிப்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிச் சிவப்பு இரத்தம் கிடையாது. இதற்கு ஹீமோகுளோபின் இருக்கிறது, நமக்கு இருப்பதன் உறவு. உயிர்வளி குறைந்த சேற்றில் கிடைத்ததைப் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுகிறது. அந்தச் சிவப்புக்குக் காரணமான வளையத்தின் நடுவில் இரும்பு. அதே சாயலில் ஒரு வளையத்தைச் செய்து நடுவில் மக்னீசியத்தை வைத்தால் இலையின் பச்சை. இந்தப் பக்கத்துக் கடலுணவுக் கடையில் சார் குவே தியாவ் தட்டில் கெராங்கும் குச்சாய் இலையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது இனிமேல் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுகிற ஆற்றில் கடைசியாகத் தாக்குப்பிடித்தது இரத்தம் உள்ள சிப்பி.

நேரம் கடந்துவிட்டது என்று அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். டயரைப் பற்றிப் பேச முடியவில்லை. குட்இயர் 1839இல் கந்தகத்தைச் சேர்த்துச் சங்கிலிகளுக்குக் குறுக்கே பாலம் போட்டதைப் பற்றியும், அதே கந்தகப் பாலம்தான் உங்கள் தலைமுடியைச் சுருட்டை ஆக்குகிறது என்பதைப் பற்றியும் இன்னொரு நாள் பார்க்கலாம்.

ரப்பர் பட்டைகளை வாசலில் ஒரு வாளி இருக்கிறது, அதில் போட்டுவிட்டுப் போங்கள். அது அம்மாவின் பால் வாளி. அடியிலும் விளிம்பிலும் பழைய பால் படிந்திருக்கிறது, நான் சுரண்டவில்லை. அந்தப் படிவை நேற்று விரலால் இழுத்துப் பார்த்தேன். நீளவில்லை, உதிர்ந்தது. ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் இரட்டைப் பிணைப்பைக் காற்றின் உயிர்வளி இந்த நாற்பது வருடத்தில் ஒவ்வொன்றாக அறுத்திருக்கிறது. சங்கிலி அறுந்து சின்னச் சின்னத் துண்டாகிவிட்டது. வாசனை மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, குனிந்தால் தெரியும்.